புள்ளி நகர்கிறதா?

2029ஆம் ஆண்டு சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14, சனிக்கிழமை வருகிறது. அன்று அதிகாலை 5.46க்கு, புத்தாண்டுக் குளியலுக்கு வீட்டில் ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஏறக்குறைய 340 மீட்டர் அளவுள்ள ஒரு கல் பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். அந்தச் சிறுகோளின் பெயர் அப்போஃபிஸ். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான செயற்கைக்கோள்கள் அதைவிட உயரத்தில், 35,786 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. இவ்வளவு பெரிய கல் இவ்வளவு கிட்டத்தில் வருவது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான்.

மோதாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாள் நெருங்க நெருங்க, நம் புலனக் குழுக்களில் சிவப்பு எழுத்தில் என்னென்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

ஆனால் இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே, மணி நிமிடத்தோடு எப்படிச் சொல்ல முடிகிறது? இந்த வாரம் அதைத்தான் பேச நினைத்தேன்.

என் அக்கா மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளும் இதையே கேட்டாள்.

“தொலைநோக்கியில பார்த்தா அந்தக் கல்லு எப்படி மாமா இருக்கும்? குழி குழியா தெரியுமா?”

“இல்லம்மா. ஒரு புள்ளி. பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் மாதிரியேதான் இருக்கும்.”

“அப்புறம் எது கல்லு, எது நட்சத்திரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“நாளைக்கும் பார்க்கணும். எது நகர்ந்திருக்கோ, அதுதான்.”

சிறுகோள் ஆராய்ச்சி முழுவதுக்கும் அடிப்படை இவ்வளவுதான். வானத்தின் ஒரே பகுதியை மறுபடி மறுபடி படம் எடுக்கிறார்கள். நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு பின்தொடர்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், வானம் நமக்குத் திசையை மட்டும்தான் காட்டும், தூரத்தைக் காட்டாது. அருகில் மெதுவாகப் போகும் கல்லும் தூரத்தில் வேகமாகப் போகும் கல்லும் ஒன்றுபோலத் தெரியலாம். அதனால் பல நாள் பார்த்து, நகர்ந்த பாதையின் வளைவிலிருந்துதான் சுற்றுப்பாதையைக் கணக்கிட வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பத்து அடி தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த ஊரில் போய் முடியும் என்று சொல்வது போல.

1801 ஜனவரி 1 அன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாஸ்ஸி என்ற பாதிரியார் ஒரு நகரும் புள்ளியைக் கண்டார். அதுதான் சீரிஸ். பிப்ரவரி 11 வரை தொடர்ந்து குறித்தார். பிறகு அது சூரிய ஒளிக்குள் மறைந்துவிட்டது. வெளியே வரும்போது எங்கே தேடுவது? ஐரோப்பாவின் வானியலாளர்கள் கையைப் பிசைந்தார்கள். 24 வயது கார்ல் பிரெடரிக் காஸ், அந்தச் சில வாரக் குறிப்புகளை வைத்துப் புதிய முறையில் பாதையைக் கணக்கிட்டார். அந்த ஆண்டின் கடைசி நாளில், அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே சீரிஸ் மீண்டும் அகப்பட்டது. இன்று கணினி செய்யும் வேலைக்கும் அடித்தளம் அந்தக் கணக்குதான்.

அப்போஃபிஸ் கதை இன்னும் பதற்றமானது. 2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிட் பீக் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டார்கள். இரண்டே இரவுகள்தான் பார்க்க முடிந்தது. பிறகு கை நழுவிப் போனது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் பிடித்தார்கள். கணக்குப் போட்டால், 2029 ஏப்ரல் 13 அன்று, அவர்கள் நேரப்படி, பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று வந்தது. டிசம்பர் 24ஆம் தேதி அந்த வாய்ப்பு 62இல் ஒன்று. மறுநாள் 42இல் ஒன்று. 27ஆம் தேதி 37இல் ஒன்று, அதாவது 2.7 விழுக்காடு. சிறுகோள் அபாயத்தைக் குறிக்கும் டொரினோ அளவுகோலில் நான்காம் நிலை. அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கல்லும் அந்த நிலையைத் தொட்டதில்லை.

அன்றே இன்னொன்றும் நடந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் எடுத்து வைத்திருந்த பழைய படங்களைத் தேடிப் பார்த்தபோது, ஒரு மூலையில் அந்தப் புள்ளி மங்கலாகப் பதிந்திருந்தது. யாரும் கவனிக்காமல் விட்ட புள்ளி. அதைச் சேர்த்ததும் பாதை தெளிவானது. 2029இல் மோதல் இல்லை என்று உறுதியானது. 2021இல் ரேடார் அலைகளை அனுப்பி அளந்த பிறகு, குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அப்போஃபிஸ் பற்றிக் கவலை வேண்டாம் என்று நாசா அறிவித்தது.

சென்ற ஆண்டுகளின் செய்தியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு 2024 ஒய்ஆர்4 என்ற பெயர் தெரிந்திருக்கும். சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்த கல். 2032 டிசம்பர் 22 அன்று மோதும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போய், 2025 பிப்ரவரியில் 3.1 விழுக்காட்டைத் தொட்டது. எனக்குத் தெரிந்த குழுக்களில் அன்று தூக்கம் போனவர்கள் உண்டு. அடுத்த ஒரு வாரத்துக்குள் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் ஏறியபோது வந்த செய்தி பத்து பேருக்குப் போனது. இறங்கியபோது வந்தது ஒருவருக்கும் போகவில்லை.

ஏன் முதலில் ஏறி, பிறகு விழுகிறது? பூப்பந்து விளையாடுபவர்களுக்கு இது எளிதில் புரியும். எதிராளி பந்தை உயரே தூக்கி அடிக்கிறார். முதலில் அது மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். பார்க்கப் பார்க்க, பின்கோட்டுப் பக்கம்தான் என்று தெரிகிறது. இன்னும் பார்த்தால், கோட்டிலிருந்து ஓரடிக்குள் என்று தெரிகிறது. விழக்கூடிய இடம் சுருங்கச் சுருங்க, கோட்டின் மேலேயே விழும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. பந்து தன் வழியை மாற்றவில்லை. நமக்குத் தெரியாத பகுதிதான் குறைகிறது. கடைசியில் அது வெளியே விழுகிறது என்று தெளிவானதும் வாய்ப்பு ஒரேயடியாகப் பூஜ்யமாகிறது. பூமி இங்கே அந்தக் கோடு. பெரும்பாலான சிறுகோள் செய்திகள் இப்படித்தான் முடிகின்றன.

அதனால் அடுத்த முறை ஒரு செய்தி வந்தால், அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் பார்த்துச் சொல்கிறார்கள்? மேலும் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா? சில வாரங்களே பார்த்த கல் என்றால், காத்திருப்பதுதான் அறிவு.

அந்த டிசம்பர் வாரத்தை நான் இன்னொரு காரணத்துக்காகவும் மறப்பதில்லை. 62, 42, 37 என்று வானியலாளர்கள் எண்ணிக்கொண்டிருந்த நாள்களுக்கு நடுவில் வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு, கெடா, ஆச்சே, நாகப்பட்டினம், மட்டக்களப்பு. கடல் வந்து போனது. 25 ஆண்டு தள்ளி இருந்த ஓர் ஆபத்தை மனிதர்கள் மணிக்கு மணி கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். சில மணி நேரத்தில் கரை சேர இருந்த ஆபத்தைச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஓர் எச்சரிக்கை ஏற்பாடும் அன்று இல்லை. பிறகுதான் அமைத்தார்கள். கல்லோ கடலோ, யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு நாம் கொடுக்கும் மரியாதை குறைவு.

அதைச் சிறிய அளவில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அப்போஃபிஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுகோள்களில் மிகப் பிரகாசமானது வெஸ்டா. அது சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தில் சாதாரண பைனாகுலரிலேயே தெரியும். அது எந்த நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது என்று ஸ்டெல்லேரியம் போன்ற இலவசச் செயலி காட்டிவிடும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத ஓர் இடம், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் போதும். முதல் நாள் பைனாகுலரில் தெரியும் புள்ளிகளை எல்லாம் வரையுங்கள். எது வெஸ்டா என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். இரண்டு, மூன்று நாள் கழித்து மறுபடி வரையச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு, முழு நிலவின் அகலத்தில் சுமார் பாதி அளவு அது நகர்ந்திருக்கும். நம் ஊர் மேகம் இடையில் ஓரிரு நாளைத் தின்றுவிடும். பரவாயில்லை, பியாஸ்ஸிக்கும் அப்படித்தான்.

2029இல் அப்போஃபிஸ் மிக நெருங்கும் நிமிடத்தில் அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும். அந்தக் காட்சி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும்தான். ஆனால் அதற்கு முந்தைய மணிகளில் அது ஆஸ்திரேலியாவையும் இந்தியப் பெருங்கடலையும் தாண்டிப் போகும். ஏப்ரல் 13 இரவு வானம் தெளிந்திருந்தால், பைனாகுலரோடு நாமும் தேடிப் பார்க்கலாம். புத்தாண்டுக்குப் பலகாரம் செய்ய விழித்திருக்கும் வீடுகளில் ஒருவர் வெளியே வந்து நின்றால் போதும். அதற்குள் பிள்ளைகளின் நோட்டில் நான்கைந்து வெஸ்டா படங்கள் சேர்ந்திருந்தால், எந்தப் புள்ளி நகர்கிறது என்று அவர்களே நமக்குக் காட்டிவிடுவார்கள்.