வெரிகோசீல் ஆபரேஷன்... லேப்ராஸ்கோப்பியா, ஓப்பன் சர்ஜரியா?

குழந்தை தள்ளிப்போனால், பல வீடுகளில் முதலில் டாக்டரிடம் அனுப்பப்படுவது மனைவிதான். கணவரின் பிரச்னை மாதக்கணக்கில் வெளியே தெரியாமலே இருந்துவிடும். அப்படி மறைந்திருப்பவற்றில் ஒன்று, வெரிகோசீல்.

விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகள் புடைத்து வீங்குவதே வெரிகோசீல். 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது இருக்கலாம், பெரும்பாலும் இடப்பக்கம். தேங்கும் ரத்தத்தால் விரையின் வெப்பம் கூடி, விந்தணுக்களின் எண்ணிக்கையும் வேகமும் குறையலாம்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா?

இல்லை. ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறிய வீக்கத்துக்குப் பொதுவாகத் தேவையில்லை. டாக்டர் தொட்டுப் பார்க்கும்போதே வீக்கம் தெரிந்து, விந்தணுப் பரிசோதனையிலும் குறை இருந்தால், குழந்தைக்கு முயலும் தம்பதிக்குப் பரிந்துரைக்கப்படும். விடாத வலி இருந்தாலோ, டீன் ஏஜ் பையன்களுக்கு அந்தப் பக்க விரை வளராமல் இருந்தாலோ பரிசீலிப்பார்கள்.

லேப்ராஸ்கோப்பி

முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் பொதுவாக மூன்று சிறு துளைகள் போட்டு, கேமரா உதவியோடு சிரைகளை அடைப்பார்கள். இரண்டு பக்கமும் பிரச்னை என்றால், அதே துளைகள் போதும். கருவிகள் வயிற்றுக்குள் போவதால், அரிதாகக் குடலோ ரத்தநாளமோ காயப்படலாம்.

ஓப்பன் சர்ஜரி

தொடை இடுக்குக்கு அருகே சில சென்டிமீட்டர் கீறல். பலருக்கு முதுகில் ஊசி போட்டு, மரத்துப்போகச் செய்தாலே போதும். இதையே மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துச் செய்தால், தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் விட்டுவிட்டு சிரைகளை மட்டும் கட்ட முடியும். வெரிகோசீல் திரும்ப வருவதும், விரையைச் சுற்றி நீர் கோக்கும் ஹைட்ரோசீலும் இந்த முறையில்தான் மிகக் குறைவு. மைக்ரோஸ்கோப் இல்லாத ஓப்பன் சர்ஜரியில் இவற்றுக்கான வாய்ப்பு அதிகம்.

ஆக, தழும்பின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. 'மைக்ரோஸ்கோப் வசதி இருக்கிறதா, இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று யூராலஜிஸ்ட்டிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு...

விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆகும். அதனால் 3 மாதங்களுக்குப் பிறகே மறுபரிசோதனை. பலருக்கு முன்னேற்றம் தெரியும். ஆனால், கர்ப்பத்துக்கு உத்தரவாதம் கிடையாது. மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே இருவரும் சேர்ந்து குழந்தையின்மை சிகிச்சை மருத்துவரையும் பார்த்துவிடுவது நல்லது.