கல்லில் ஸ்வரம், டேப்பில் ஒலி!

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துக்கு வருகிறவர்கள் பிரகதாம்பாளைத் தரிசித்துவிட்டு, அங்கேயே இருக்கும் அருங்காட்சியகத்தையும் ஒரு சுற்று பார்ப்பது வழக்கம். கையில் இன்னும் அரை நாள் இருந்தால், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடுமியான்மலைக்கும் போகலாம். அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு ராகங்களின் ஸ்வரங்களை, நான்கு நான்காகச் சேர்த்து வரிசையாக வெட்டிவைத்திருக்கிறார்கள். ருத்ராச்சாரியாரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களுக்காகச் செய்துவைத்தது என்று கல்வெட்டே சொல்கிறது.

இத்தனை நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் எழுத்து நின்றுவிட்டது. ஆனால், அன்று அதை வாசித்தபோது காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரான கதை, நம் காலத்து எலெக்ட்ரானிக் இசையுடையது. அங்கே ஒலி இருக்கிறது, எழுத்துதான் இல்லை.

1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மூக் சிந்தசைசர் வந்தது. பீரோ மாதிரிப் பெரிய கருவி. வயர்களை இங்கிருந்து அங்கே செருகி, குமிழ்களைத் திருகித் திருகித்தான் ஒவ்வோர் ஒலியையும் உண்டாக்க வேண்டும். வயரைப் பிடுங்கிவிட்டால் அந்த ஒலியும் போச்சு. அப்படியே திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் சோதனைகள் செய்து டேப்பில் பதிந்துவைத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி நின்றது. டேப்புகள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே சுமார் 45 ஆண்டுகள் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த இசைக் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுக்க, 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன.

மும்பை சரண்ஜித் சிங்கின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஹிந்தி சினிமாவில் வாசித்துக்கொண்டிருந்த அவர், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் புதுக் கருவிகளை வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். நம்முடைய மோகனத்துக்கும் ஹிந்தோளத்துக்கும் கல்யாணிக்கும் இணையான பூபாளி, மால்கௌன்ஸ், யமன் எல்லாம் அதில் உண்டு. அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம், அதே ரோலண்ட் கருவியை வைத்து சிகாகோ இளைஞர்கள் 1987-ல் பிரபலமாக்கிய 'ஆசிட் ஹவுஸ்' பாணி, சரண்ஜித்தின் ராகங்களில் ஐந்தாண்டு முன்பே ஒலித்தது! 2015-ல் காலமாவதற்கு முன், வெளிநாட்டு மேடைகளிலும் அவர் அதை வாசித்துவிட்டார்.

இரண்டு கதைகளிலும் இசையைக் காப்பாற்றியது ஒரே விஷயம்தான்: யாரோ ஒருவர் அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்.

அகமதாபாத், மும்பை எல்லாம் இருக்கட்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி என்றால், மேடை நடுவே கீபோர்டு இருக்கும். வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் அந்த ஒரே பெட்டிக்குள்ளிருந்து வரும். அப்படி வாசித்த அப்பாவின், சித்தப்பாவின் கேசட்டுகள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. கல்வெட்டு மாதிரி அவை காத்திருக்காது. டேப் என்பது பிளாஸ்டிக் நாடாமேல் காந்தத்தூள் பூச்சு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சு உரியும்.

இந்த வாரமே பரணில் ஏறிப் பாருங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. பூஞ்சை படிந்திருந்தால் பிளேயரில் போடாமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போதும், பதிவு செய்துவிடலாம். பழைய கீபோர்டில் பேட்டரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும்.

பதிவு செய்ததும் வேலை முடிந்துவிடாது. வாசித்தது யார், எந்த ஊர்க் கச்சேரி, எந்த வருஷம், என்ன கீபோர்டு... அப்பாவிடமே கேட்டு எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஒலியும் கிடைக்கட்டும், எழுத்தும் கிடைக்கட்டும்.