திரைக்கு வெளியே உட்கார்ந்த டாக்டர்

1/ லிசா சீ எழுதி 2023-ல் வந்த ‘லேடி டான்ஸ் சர்க்கிள் ஆஃப் விமன்’ நாவலை இப்பதான் படிச்சு முடிச்சேன். சீனாவில் மிங் அரசர்கள் காலத்துல வாழ்ந்த டான் யுன்சியான் என்ற பெண் மருத்துவரோட கதை. கற்பனை கலந்த நாவல்தான். ஆனா அந்தம்மா நிஜம்.

2/ அந்தக் காலத்துப் பெரிய வீடுகள்ல ஆண் வைத்தியர் திரைக்கு வெளியேதான் உட்காரணும். நோயாளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. தீட்டு பத்தியோ உதிரப்போக்கு பத்தியோ நேரடியா கேட்கவும் வழியில்லை.

3/ யுன்சியான் வைத்தியம் படிச்சது பாட்டிகிட்ட. தான் பார்த்த பெண்களின் 31 நோய்க் குறிப்புகளை 1511-ல் புத்தகமா எழுதினார். அதுல மருந்து மட்டும் இல்ல. அந்தப் பெண்ணுக்கு என்ன துக்கம், என்ன கோபம் என்பதும் இருக்கு. கேட்டதால்தான் எழுத முடிஞ்சது.

4/ "அது சீனா, 500 வருஷம் முன்னாடி"ன்னு நினைக்கிறீங்களா? நம்ம மதுரைக்கு வாங்க. ஆண் டாக்டர்கிட்ட காட்ட மாட்டோம்னு இங்கேயும் பெண்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாங்க. 1885-ல் அமெரிக்க மிஷனில் இருந்து பாலின் ரூட், 1895-ல் ஹாரியட் பார்க்கர் என்று பெண் டாக்டர்கள் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது.

5/ அதுக்கு முன்னாடி யாருமே இல்லையா? இருந்தாங்க, மருத்துவச்சிகள். பிரசவ வலி வந்தா உள்ளே கூப்பிட்டோம். மத்த நாள் சாதி சொல்லி வாசலோட நிறுத்தினோம். அவங்க கை அறிந்ததை யாரும் கேட்டு எழுதி வைக்கல.

6/ இனி என் கதை. உசிலம்பட்டி பக்கத்து அம்மா ஒருத்தர், ஐம்பது தாண்டியவர். சர்க்கரைக்கு மாசாமாசம் என்கிட்டதான் வந்தார். மகன் கூடவே நிற்பார். நான் ரிப்போர்ட்டைப் பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன், அடுத்த ஆள்.

7/ ஒருநாள் மகன் வரல. எழுந்து போகும்போது மெதுவா சொன்னார்: "தீட்டு நின்னு நாலு வருசமாச்சு சார். இப்ப திரும்பப் படுது. ஒரு வருசமா." பரிசோதனைக்கு அனுப்பினேன். கர்ப்பப்பை வாய்ப் புற்று, முற்றிய நிலை. "ஏம்மா முன்னாடியே சொல்லல?"ன்னு கேட்டேன். "நீங்க கேக்கலையே சார்."

8/ என் ரூம்ல திரை இல்ல. ஆனா திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது நான்தான்.

9/ பெண் டாக்டர்கள் இன்னிக்கு நிறைய பேர் இருக்காங்க. அது மட்டும் போதாது. யார் உட்கார்ந்திருந்தாலும், கூட வந்தவரை ரெண்டு நிமிஷம் வெளியே அனுப்பிட்டுக் கேட்கணும். நான் இப்ப கேட்கிறேன்.

10/ நீங்களும் உங்க அம்மாகிட்ட, அக்காகிட்ட இன்னிக்கே கேளுங்க. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. தொந்தரவே இல்லைன்னாலும் 30 வயசு தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துல பரிசோதனை செஞ்சுக்கலாம். சில நிமிஷ வேலை, காசு கிடையாது. ஆரம்பத்துல பிடிச்சா குணமாக்கக்கூடிய நோய் இது.

கூச்சம் அவங்களுக்கு இருக்கட்டும். கேட்கிறதுக்கு நமக்கு இருக்க வேண்டாம்.