ஒரு ஃபிரெட் தூரம்



போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தெங்கு கிளானா சாலையில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைக்கக்கூட இல்லை, அக்கா மகள் வந்து நின்றாள்.

“மாமா, நான் கிட்டார் கிளாஸ நிறுத்தப் போறேன்.”

படிவம் இரண்டு படிக்கிறாள். கிரேடு தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். கட்டணமும் கட்டியாயிற்று.

“ஏம்மா, பிடிக்கலையா?”

“பிடிக்குது மாமா. ஆனா மைனர் ஸ்கேல் ஒன்னுதான்னு நெனச்சேன். இப்ப மூணு இருக்குன்னு சொல்றாங்க. அதுல ஒன்னு ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேற மாதிரி. ஏன்னு கேட்டா, மனப்பாடம் பண்ணு, மார்க் கெடைக்கும்னு சொல்றாங்க.”

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “நிறுத்தினா நிறுத்தட்டும் விடு தம்பி. எஸ்பிஎம்முக்கா உதவப் போவுது?”

எனக்குப் பகீர் என்றது. காரணம், அவள் கையில் இருந்த கிட்டார். அது என் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த ஓவர்டைம் காசு. பதினைந்து வயதில், ஒரு கடைவீட்டு மாடி வகுப்பில், இதே மூன்று மைனர் ஸ்கேல் பக்கத்தில்தான் நானும் நின்றுபோனேன். ஏன் என்று கேட்டேன். கேள்வி கேட்கும் நேரத்தில் வாசித்துப் பழகு என்று பதில் வந்தது. அடுத்த மாதம் போகவில்லை. அந்தக் கிட்டார் அலமாரிக்கு மேல் ஏறியது. பல வருடம் கழித்து இவள் கேட்டதால் இறங்கியது. இப்போது இரண்டாவது முறையாக மேலே ஏறப் போகிறது.

வானொலியில் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தினமும் பாட்டுகளோடு உட்காரும் வேலை. சில பாட்டுகள் ஏன் அடுத்தடுத்து ஒட்டுகின்றன, சில ஏன் முட்டுகின்றன என்று துருவப்போய்க் கற்றுக்கொண்டேன். அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் கிட்டார் இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து இரண்டாவது கம்பி, தடித்தது. அதுதான் ‘ஏ’ கம்பி. அந்த ஒரே கம்பி போதும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் ஃபிரெட். வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலைதான். ஒரு ஃபிரெட் தள்ளினால் அரைச்சுரம் ஏறும். கம்பியைத் தொடாமல் மீட்டினால் 0. பிறகு இந்த எண்களில் விரல் வையுங்கள்:

0 – 2 – 3 – 5 – 7 – 8 – 10 – 12

இது இயல்பு மைனர். ஆங்கிலத்தில் நேச்சுரல் மைனர். பியானோவில் ‘ஏ’யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினாலும் இதே ஓசைதான். அடுத்தது:

0 – 2 – 3 – 5 – 7 – 8 – 11 – 12

இது ஹார்மோனிக் மைனர். என்ன மாறியது? 10 இருந்த இடத்தில் 11. ஒரே ஒரு ஃபிரெட்.

“அவ்வளவுதானா?” என்றாள் அவள்.

“அவ்வளவுதான். ஆனா ஏன் மாத்தினாங்கன்னு பாட்டி சொல்வாங்க, பாரு.”

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முறையாகச் சங்கீதம் படித்தவர் அல்லர். கோயில் பஜனைக் குழுவில் பாடியவர், நாள் முழுக்க வானொலி கேட்பவர். நான் இயல்பு மைனரை வாசித்து, வேண்டுமென்றே பத்தாவது ஃபிரெட்டில் நிறுத்தினேன். உள்ளே ஒரு சலனமும் இல்லை. பிறகு ஹார்மோனிக் மைனரை வாசித்து, பதினோராவது ஃபிரெட்டில் கையை எடுத்துவிட்டேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

“ஏன்டா அத அந்தரத்துல விட்டுட்ட? முடிச்சிட்டுப் போ!”

விஷயம் இதுதான். பதினோராவது ஃபிரெட், ஆதார சுரமான ‘ஏ’வுக்கு அரைச்சுரம் கீழே நிற்கிறது. வாசல்படி வரை வந்தவனை உள்ளே வா என்று இழுப்பதுபோல் அது காதை இழுக்கிறது. பத்தாவது ஃபிரெட் முழுச்சுரம் தள்ளி நிற்பதால் அந்த இழுப்பு குறைவு. பாட்டை ‘முடிந்தது’ என்று உணரவைக்க அந்த இழுப்பு தேவைப்பட்டது. அதற்காகத்தான் கடைசிக்கு முந்திய சுரத்தை ஒரு ஃபிரெட் உயர்த்தினார்கள்.

கிட்டார் பழகும் பிள்ளைகள் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், பெயர்தான் தெரியாது. இ மைனர் கார்டைப் பிடியுங்கள். இரண்டு விரல் போதும். இப்போது ஆள்காட்டி விரலை மூன்றாவது கம்பியில் முதல் ஃபிரெட்டில் வையுங்கள். இ மேஜர் ஆகிவிட்டது. அந்த ஒரு விரல் தொட்டது வேறெதையும் அல்ல, நாம் பேசிய அதே உயர்த்திய சுரத்தைத்தான். இ மைனரிலிருந்து ஏ மைனருக்குப் போய்ப் பாருங்கள், அடுத்து இ மேஜரிலிருந்து போய்ப் பாருங்கள். இரண்டாவது முறை வீடு வந்து சேர்ந்த நிம்மதி இருக்கும். கார்டுகளின் தேவையால், அதாவது ஹார்மனியின் தேவையால் வந்தது. அதனால்தான் ஹார்மோனிக் மைனர்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும், வீட்டுக் கணக்கு மாதிரி. எட்டாவது ஃபிரெட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையே இப்போது மூன்று ஃபிரெட் இடைவெளி. மற்ற இடங்களில் ஒன்று அல்லது இரண்டுதான். மேற்கத்திய முறையில் பாடுகிறவர்களுக்கு அந்தத் தாவல் சிரமமாக இருந்தது. அதனால் எட்டையும் ஒன்பதாக்கினார்கள்:

0 – 2 – 3 – 5 – 7 – 9 – 11 – 12

இது மெலோடிக் மைனர். மெலடி சீராக ஓடுவதற்காக வந்தது. இறங்கும்போது? மேலே போய்ச் சேரும் இழுப்பே அங்கே தேவையில்லை. அதனால் பழையபடி 12, 10, 8, 7 என்று இயல்பு மைனராகவே இறங்கிவிடுகிறது. ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி என்று என் மருமகளைக் குழப்பிய சங்கதியின் காரணம் இவ்வளவுதான்.

மூன்றையும் எழுதிப் பாருங்கள். முதல் ஐந்து எண்கள் மூன்றிலும் ஒன்றே: 0, 2, 3, 5, 7. மாறுவது ஆறாவதும் ஏழாவதும் மட்டும். மூன்று ஸ்கேலை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஒன்றைக் கற்று, இரண்டு விரலை நகர்த்தினால் போதும்.

“இது நம்ம பாட்டிகளுக்குத் தெரிஞ்ச கணக்குதான்” என்றேன். அவள் நம்பவில்லை. அதற்கும் சாட்சி உண்டு.

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா வரிசையில் இருபதாவது நடபைரவி. அதன் சுரங்கள் இயல்பு மைனரின் சுரங்கள். இருபத்தொன்றாவது கீரவாணி. நிஷாதம் மட்டும் ஒரு படி ஏறுகிறது. அதுதான் ஹார்மோனிக் மைனர். இருபத்து மூன்றாவது கௌரிமனோகரி. தைவதமும் ஏறிவிடுகிறது. அது மெலோடிக் மைனரின் ஏறுவரிசை. இடையில் விட்ட இருபத்திரண்டு? அது கரகரப்பிரியா, மேற்கில் டோரியன் என்பார்கள். நான்கும் வேதச் சக்கரம் என்ற ஒரே தொகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த 72 மேளக் கணக்கு பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுதிய ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யில் இருக்கிறது.

ராகம் வெறும் ஸ்கேல் இல்லை. கமகம், பிடிப்பு, நடை எல்லாம் சேர்ந்தால்தான் ராகம். ஃபிரெட் எண்ணை அழுத்திவிட்டுக் கீரவாணி பாடிவிட்டேன் என்று சொன்னால் சங்கீத ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். ஆனால் சுரங்களின் இருப்பிடம் ஒன்றுதான். இன்னும் பின்னால் போனால், பழந்தமிழில் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். மைனரில் இடம் மாறுகிற இரண்டும் விளரியும் தாரமும். விளரி என்ற பெயர் நெய்தல் திணையின் பண்ணுக்கும் உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் காத்திருப்பவளின் ஏக்கம்.

சினிமாவுக்கு வருவோம். பாலு மகேந்திரா இயக்கிய ‘மூடுபனி’ 1980இல் வந்தது. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். அதில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு தோன்றும் ‘என் இனிய பொன் நிலாவே’ நடபைரவி. 1987இல் அதே பாலு மகேந்திராவின் ‘இரட்டை வால் குருவி’. அதில் ‘ராஜ ராஜ சோழன் நான்’ கீரவாணி. இயக்குநர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடியவரும் அதே கே.ஜே. ஜேசுதாஸ். அடிப்படைச் சுரங்களில் வித்தியாசம் ஒரு ஃபிரெட். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் மனம் தழைந்து படிகிறது. இரண்டாவதில் ஏதோ ஒன்றை நோக்கிச் சாய்ந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அப்படித்தான் கேட்கிறது. கௌரிமனோகரிக்கு, எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் 1980இல் வந்த ‘மழலைப் பட்டாளம்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் பாடிய பாட்டு இருக்கிறது. ராகத்தின் பெயரே பாட்டில் வருவதால் தேடுவது சுலபம்.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். இவளைப் போலவே கிட்டாரை வைத்துக்கொண்டு தேர்வுக்குத் தயாரானவர்தான் அவரும். “அப்போ அவரும் மூணு மைனரும் படிச்சிருப்பாரா?” என்று கேட்டாள். “படிக்காமலா இப்படிப் போட்டிருப்பார்?” என்றேன்.

நம் ஊரில் ஒரு விசித்திரம் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பக்கம் பாட்டு, வீணை, பரதம் என்று பிள்ளைகள் போகிறார்கள். 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம் கிட்டார், பியானோ கிரேடு என்று மாடிப்படி ஏறுகிறார்கள். ஒரே வீட்டில் அக்கா அங்கே, தம்பி இங்கே. இரவுச் சாப்பாட்டில் இருவரும் சந்திக்கிறார்கள், இரண்டு பாடமும் சந்திப்பதில்லை. கீரவாணி பாடும் அக்காவுக்கு, தம்பி திணறும் ஹார்மோனிக் மைனர் தன் பாடம்தான் என்று தெரியாது. கிட்டார் நம்முடையது இல்லை, சங்கீதம் பழசு என்று பிரித்து வைத்ததில் நஷ்டம் பிள்ளைகளுக்கு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு வகுப்பை நிறுத்துகிறேன் என்றால், உடனே சரி என்றும் சொல்லவேண்டாம், கூடாது என்றும் சொல்லவேண்டாம். பிடிக்கவில்லையா, புரியவில்லையா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. பிடிக்காததை விடலாம், தப்பில்லை. புரியாததை விட்டால் அது வெகுநாள் உறுத்தும்.

என் அப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார். “ஏன் தம்பி, இப்பல்லாம் கிட்டார் சத்தமே கேக்கல?” எஸ்பிஎம் இருக்கிறது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பரீட்சை முடிந்தது, சத்தம் கேட்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. எனக்குப் புரியலப்பா என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

மாலை கொமுட்டர் பிடிக்கக் கிளம்பினேன். கேட்டைத் திறக்கும்போது உள்ளே கிட்டார் சத்தம். மெதுவாக ஏறியது: 0, 2, 3, 5, 7, 8. பதினொன்று வந்ததும் நின்றுவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறாள்.

“முடிடீ அத!” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

தேர்வுக்குப் போகிறாளா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. கிட்டாரை மட்டும் மேலே வைக்கவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாளாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.