வேலியும் வேண்டும், விழியும் வேண்டும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகளை ஒருநாளேனும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் ஆவல் இல்லங்கள்தோறும் எழுகின்றது. வாரத்தின் ஆறு நாள்களும் பனியன் கம்பெனிகளில் கட்டிங், தையல், செக்கிங் என்று உழைத்துக் களைக்கும் பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே மிச்சம். முன்பெல்லாம் பலர் கோவை வ.உ.சி. பூங்காவை நாடினர். அங்கிருந்த உயிரியல் பூங்கா 2022 இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரத்தை இழந்தது. இன்று திருப்பூரிலிருந்து வேன் பிடித்துச் செல்லும் குடும்பங்கள் பல, உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி அணையையும் அங்கு வனத்துறையினர் பேணிவரும் முதலைப் பண்ணையையும் கண்டு திரும்புகின்றன.

முதலையைக் காணும் குழந்தைக்கு முதலில் எழும் ஐயம், ‘இது உயிருள்ளதா, பொம்மையா?’ என்பதே. வெயிலில் வாயைத் திறந்தபடி முதலை அசையாது கிடப்பது சோம்பலால் அன்று. உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ள அதற்கு அமைந்த வழி அது. அசையாது கிடந்த அதே முதலை, கண்ணிமைக்கும் நேரத்தில் பாயவும் வல்லது. இதனை அறியாத பெரியவர்கள் சிலர், அசைகிறதா பார்ப்போம் என்று கல்லெறிகின்றனர். 2017 இல் துனீசியா நாட்டின் தலைநகரிலுள்ள உயிரியல் பூங்காவில், பார்வையாளர் எறிந்த கற்களால் முதலை ஒன்று இறந்தே போயிற்று. தந்தை கல்லெடுப்பதைக் கண்ட பிள்ளைக்கு, வேலி என்பது மதிக்கத்தக்க எல்லை என்று இனி யார் கற்பிப்பது?

இத்தகைய இடங்களில் ஒரு குழந்தைக்கு ஆபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ‘பெற்றவர்கள் எங்கே போனார்கள்?’ என்பர் ஒரு சாரார். ‘நிர்வாகம் என்ன செய்தது?’ என்பர் மறு சாரார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுவதுதான் நம் வழக்கமாயிருக்கிறது.

2016 மே 28 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில், 3 வயதுச் சிறுவன் ஒருவன் வேலியைக் கடந்து சுமார் 15 அடி ஆழ அகழியில் விழுந்தான். ஹராம்பே என்னும் 17 வயது ஆண் கொரில்லா அவனைப் பற்றி இழுத்தது. சுமார் பத்து நிமிடங்கள் சென்றபின், பூங்காவினர் அதனைச் சுட்டுக் கொன்று சிறுவனை மீட்டனர். உலகெங்கிலுமிருந்து தாயின்மீது வசைமாரி பொழிந்தது. அரசு வழக்கறிஞரோ, அவர்மீது வழக்குத் தொடர மறுத்துவிட்டார். 1978 இல் திறக்கப்பட்ட அந்த அடைப்பினுள் 38 ஆண்டுகளாகப் பார்வையாளர் எவரும் நுழைந்ததில்லை. அதுவே, இருந்த வேலி போதும் என்னும் நம்பிக்கையைத் தந்தது. துயரம் நேர்ந்த பின்னரே 3 அடித் தடுப்பு மூன்றரை அடியாக உயர்ந்தது. கயிற்று வலையும் கட்டப்பட்டது. விபத்து நேராத ஆண்டுகளை எண்ணி வேலியின் வலிமையை அளக்கலாகாது.

அதற்கு முன், 2012 நவம்பரில், அதே நாட்டின் பிட்ஸ்பர்க் உயிரியல் பூங்காவில் ஒரு தாய் தம் 2 வயது மகனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவனைத் தடுப்பின்மேல் தூக்கி நிறுத்தினார். கைநழுவி விழுந்த குழந்தை ஆப்பிரிக்கக் காட்டு நாய்களுக்கு இரையாயிற்று. அன்பினால் தூக்கிய கை அது. குழந்தையின் உயரத்தில் காட்சி தெரியாவிட்டால் பெற்றோர் தூக்கத்தான் செய்வர் என்பதை, அடைப்பைக் கட்டுவோர் முன்னரே எண்ண வேண்டும். தூக்கினாலும் தடுப்பின்மேல் ஏற்றாமல் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பெற்றோர் எண்ண வேண்டும்.

திருப்பூர் மக்களுக்கு இதனை விளக்க, தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. சுழலும் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் காப்பு மூடி இருக்க வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ‘தொழிலாளி கவனமாக இருந்துகொள்வார், மூடி எதற்கு?’ என்று முதலாளி சொல்ல அச்சட்டம் இடங்கொடுக்கவில்லை. ‘மூடிதான் இருக்கிறதே’ என்று தொழிலாளியும் சேலைத் தலைப்பைத் தொங்கவிட்டு மிஷினருகே நிற்பதில்லை. மனிதர் தவறக்கூடும் என்பதற்காகவே மூடி. மூடியும் தவறக்கூடும் என்பதற்காகவே கவனம். விலங்கின் வேலிக்கும் பெற்றோரின் விழிக்கும் உள்ள உறவு இதுவே.

நம் நாட்டு உயிரியல் பூங்காக்களுக்கான விதிகள், பார்வையாளரைத் தொலைவில் நிறுத்தும் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்கின்றன. பலகை வைத்தால் மட்டும் கடமை தீர்ந்துவிடுமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இன்று நம் நகரில் நம்மோடு உழைக்கின்றன. அவர்கள் படிக்க இயலாத பலகை அவர்களுக்கு வெறும் தகரமே. எழுத்தோடு படமும் இருக்குமாயின், எழுத்தறியாத குழந்தைக்கும் அது பயன்படும்.

இனி நம் வீட்டுப் பொறுப்பைப் பார்ப்போம். சுற்றுலாவுக்கு நாம் தனியே செல்வதில்லை. உற்றார் உறவினரோடு கூட்டமாகவே செல்கிறோம். மாமா பார்த்துக்கொள்வார் என்று அத்தையும், அத்தை பார்த்துக்கொள்வார் என்று அம்மாவும் இருந்துவிடுகின்றனர். பலருடைய காவலில் இருக்கும் பிள்ளையே பல வேளைகளில் காவலற்ற பிள்ளை! கடைசியில் எட்டு வயது அக்காளின் இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி ஏறிக்கொள்கிறான். தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இளையவரை வளர்த்தெடுக்கும் அக்காள்மாரின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் விலங்கின் வேலியோரத்தில் அவளும் வேடிக்கை பார்க்க வந்த குழந்தைதான். அவள் தலையில் அப்பொறுப்பை ஏற்றுவது அநீதி.

ஆகவே, ‘இவனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெயர் சொல்லி ஒரு பெரியவரிடம் ஒப்படைத்து, ‘சரி, பார்த்துக்கொள்கிறேன்’ என்னும் மறுமொழியைக் காதால் கேட்ட பின்னரே பிள்ளையின் கையை விடுதல் வேண்டும். செல்பேசியில் படமெடுக்க விரும்புபவர், அவ்வேளைக்கு வேறொருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கட்டும்.

விபரீதம் நேர்ந்துவிட்டால் கூட்டத்துக்கும் ஒரு கடமை உண்டு. 2014 செப்டம்பரில் தில்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அடைப்பினுள் ஓர் இளைஞர் விழுந்தபோது, கூடியிருந்தோர் கூச்சலிட்டுக் கல்லெறிந்தனர் என்றும், அதன்பின் புலி அவரைக் கவ்விச் சென்றது என்றும் செய்திகள் கூறின. கல்லையும் கூச்சலையும் அடக்கிக்கொண்டு, உடனே ஓடிக் காவலரை அழைப்பதே உண்மையான உதவி.

இக்கோடையில் பங்கிலிருந்தோ பள்ளியிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ வண்டி புறப்படும்போது, உணவுப் பொட்டலங்களை எண்ணுமுன் பிள்ளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் ஒரு பெரியவரின் பெயரை எழுதுங்கள். சென்ற இடத்தில் தளர்ந்த கம்பியையோ இடிந்த சுவரையோ கண்டால், அங்குள்ள காவலரிடம் அன்றே சொல்லுங்கள். பிள்ளையைக் காக்கும் வேலியே வாயில்லாப் பிராணியையும் காக்கின்றது. எட்டு வயது அக்காளும் அந்த ஒருநாளேனும் இடுப்புச் சுமையின்றி நின்று முதலையைப் பார்க்கட்டும்.