அம்பயர் எண்ணிய ஆறு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரில் எங்கள் பேட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் நடந்த லீக் ஆட்டத்தில், ஒரு பையன் ஒரே ஓவரில் எட்டுப் பந்துகள் வீசினான். வைடும் இல்லை, நோபாலும் இல்லை. அம்பயரின் கணக்கில் ஆறுதான்.

அம்பயர் என் நண்பர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அல்சூரில் குடியிருக்கிறார். சட்டைப் பையில் ஆறு கூழாங்கற்கள் வைத்திருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கல் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். அன்று அந்த ஓவரின் முதல் பந்தே, மட்டையில் பட்டு நேராக வந்து அவருடைய காதுக்கு மேலே மோதியது. தொப்பி பறந்தது. அவர் தடுமாறினார், விழவில்லை. விழுந்திருந்தால் நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருப்பார்கள். விழாததால் ஒருவர் ஐஸ் கொண்டுவந்தார், இன்னொருவர் சோடா கொடுத்தார். “ஒண்ணுமில்லப்பா, ஆடுங்க” என்றார் இவர். ஆடினார்கள்.

எட்டாவது பந்து முடிந்ததும் பேட்டிங் கேப்டனே வந்து, “சார், எட்டு ஆயிடுச்சு” என்றானாம். “எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா?” என்று இவர் சீறியிருக்கிறார். இருபது வருடப் பழக்கத்தில் இந்த மனிதர் மைதானத்தில் சீறி நான் பார்த்ததில்லை. மீதி ஓவர்கள் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டுத்தான் வீடு போனார்.

கிரிக்கெட் சட்டப்படி அந்தப் பையன்கள் செய்தது சரிதான். பந்துகளை அம்பயர் தவறாக எண்ணினாலும் அவர் எண்ணியதே ஓவர். காயமோ நோயோ வந்தால் அம்பயரை மாற்றலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சிக்கல் எங்கே என்றால், ஆட்டக்காரருக்கு அடிபட்டால் அம்பயர் ஆட்டத்தை நிறுத்துவார். அம்பயருக்கு அடிபட்டால்? அவருடைய நிலையை எடைபோட மைதானத்தில் பெரும்பாலும் அவர் மட்டுமே இருக்கிறார், அதுவும் சற்று முன் அடிபட்ட அதே மூளையைக் கொண்டு.

பெரிய ஆட்டங்களில் இதற்கு வழி உண்டு. 2016 டிசம்பரில் மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா – இங்கிலாந்து டெஸ்ட்டில், புவனேஷ்வர் குமார் எல்லைப் பக்கமிருந்து எறிந்த பந்து அம்பயர் பால் ரைஃபலின் பின்மண்டையில் பட்டது. மருத்துவர்கள் ஓடிவந்தார்கள், அவரை வெளியே அழைத்துப் போனார்கள், மூன்றாவது அம்பயர் மராய் எராஸ்மஸ் உள்ளே வந்தார். அதற்கு ஒரு வருடம் முன், 2015 டிசம்பரில், நம் திண்டுக்கல்லில் தமிழ்நாடு – பஞ்சாப் ரஞ்சி ஆட்டம். பரீந்தர் ஸ்ரன் நேராக அடித்த பந்து ஆஸ்திரேலிய அம்பயர் ஜான் வார்டின் தலையைத் தாக்கியது. அவர் மருத்துவமனைக்குப் போனார். அடுத்த மாதமே கான்பெராவில் இந்தியா – ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டத்தில் நடுவராக நின்றார், தலையில் ஹெல்மெட்டுடன். சிலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. 156 கிராமுக்குக் குறையாத பந்து, இருபது மீட்டர் தூரம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் குனிவதற்கு முக்கால் நொடிகூட இல்லை. எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

பேஸ்பாலில் மட்டைக்காரருக்குப் பின்னால் நிற்கும் அம்பயர் கூண்டுமுகமூடி போட்டுத்தான் நிற்பார். அதுவும் போதாமல் போனதுண்டு. 1969-ல் பால்டிமோரில் கால் டிரம்மண்ட் என்ற அமெரிக்க அம்பயரின் முகமூடியில் பந்து மோதி, மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறிவிட்டார் என்று திரும்ப அனுமதித்தார்கள். பெரிய ஆட்டங்களுக்குத் திரும்பும் முன், 1970 மே மாதம் டெமாய்ன் நகரில் ஒரு சிறிய லீக் ஆட்டத்தில் நடுவராக நின்றவர் அங்கேயே சரிந்தார். பிழைக்கவில்லை.

மொழிபெயர்ப்பு செய்து பிழைப்பவன் என்பதால் ஒரு வார்த்தைத் தகராறு எனக்கு எப்போதும் உண்டு. ‘கன்கஷன்’ என்பதை அகராதிகளைப் பின்பற்றி ‘மூளை அதிர்ச்சி’ என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன். படிப்பவர்களுக்கு ஏதோ கெட்ட செய்தி கேட்டது போலத்தான் இருந்திருக்கும். நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: பொறி கலங்குவது. மண்டை உடையாது, ரத்தம் வராது, நினைவுகூடத் தப்பாது. ஆனால் கண்ணும் காதும் கணக்கும் கொஞ்ச நேரத்துக்கோ கொஞ்ச நாளுக்கோ இடம் மாறி நிற்கும். காரணமில்லாத கோபமும் அதில் சேர்த்தி. ‘உள்காயம்’ என்று பாட்டிகள் சொன்னதிலும் விஷயம் இருந்தது.

நண்பரின் வீட்டில் அதைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி. மாலையில் “பேப்பர் வந்துதா?” என்று மூன்றாம் முறை கேட்டபோது அந்த அம்மாள் அடுப்பை அணைத்தார். நான் போனபோது இவர் சட்டை மாட்டிக்கொள்ள மறுத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் ரத்தக் கசிவு இல்லை. இளம் டாக்டர் என்னைத்தான் திட்டினார், நான்தான் கூட்டாளி என்று நினைத்துவிட்டார். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே ரத்தம் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து மயங்குவதுண்டாம். வாந்தி நிற்காவிட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், ஒரு கண்ணின் பாவை பெரிதானால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால் ஆபத்து பல மடங்கு.

இதை மைதானத்தில் சொல்லிப் பாருங்கள். உடனே கும்ப்ளே வருவார். 2002-ல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு 14 ஓவர் போட்டு லாராவை வீழ்த்தியவர் நம்ம ஊர்க்காரர் அல்லவா? நானும் அன்று கைதட்டியவன்தான். ஆனால் அவருக்கு உடைந்தது தாடை. உடைந்தது என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாளே அறுவை சிகிச்சைக்குப் பெங்களூருக்கு விமானம் ஏறிவிட்டார். பொறி கலங்கியவருக்குத் தான் கலங்கியதே தெரியாது. வீரத்துக்கு அங்கே வேலையில்லை.

ஆட்டக்காரர்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து சர்வதேச ஆட்டங்களில் மாற்று ஆளை இறக்கும் விதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் டாக்டரும் இல்லை, மூன்றாவது அம்பயரும் இல்லை. ஆனால் ஸ்கொயர் லெக்கில் இன்னொரு அம்பயர் நிற்கிறார், இரண்டு கேப்டன்கள் இருக்கிறார்கள். இது எந்த மைதானம், கடைசியாக அவுட் ஆனவர் யார், போன வாரம் எந்த ஆட்டம் என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? பதில் தப்பினால் வெளியே. பதில் சரியாக வந்தாலும் சந்தேகமிருந்தால் வெளியே. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்று “எட்டு ஆயிடுச்சு” என்று சொன்ன பையன்தான் மைதானத்திலேயே சரியாக நோய் கண்டவன். ஆனால் அம்பயரோடு வாதாடக் கூடாது என்று நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நண்பர் இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம் ஹெல்மெட் வாங்கக் கமர்ஷியல் தெருவுக்குக் கூட வரச் சொன்னார். மூன்று கடை ஏறி இறங்கினோம். கம்பி கண்ணை மறைக்கிறது, நோபால் தெரியாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறை. நாலாவது கடையில் அவர் மனைவி, கேட்காமலே பணத்தை எடுத்துக் கொடுத்தார்.