யாருடைய பணிவு?

முகலாய ஓவியங்களைப் பற்றிய கட்டுரைகளில் பிச்சித்ர் வரைந்த ஓவியம் ஒன்று தவறாமல் இடம்பெறும். 1615-18 காலகட்டத்தைச் சேர்ந்த அது இன்று வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. மணற்கடிகார அரியணையில் அமர்ந்த ஜஹாங்கீர், வெண்தாடிச் சூஃபி ஒருவருக்கு நூலொன்றை அளிக்கிறார். ஒட்டோமன் சுல்தானும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸும் அந்தச் சூஃபிக்குக் கீழே நிற்கின்றனர். அரசு ஞானத்துக்குத் தலைவணங்கிய காட்சி இது என்று நம்மவர்கள் உடனே உருகிவிடுகிறார்கள்.

எங்கே வணங்கியது? சூரியனும் சந்திரனும் இணைந்த ஒளிவட்டம் அரசரின் தலைக்குப் பின்னால்தான் ஒளிர்கிறது. கொடுக்கும் கை அரசருடையது. ஞானியோ நூலைக் கையால் தொடாமல் துணியில் ஏந்துகிறார். ஜேம்ஸ் அந்த அவைக்கு வந்ததே இல்லை. வராத மன்னரைச் சிறுமைப்படுத்தவே இங்கே ஞானி தேவைப்படுகிறார்.

ஓவியத்துக்கு வெளியே நடந்தது என்ன? ஷெய்கு அஹ்மத் சிர்ஹிந்தி தம் கடிதங்களில் முன்வைத்த ஆன்மிக உரிமைகோரல்கள் பிடிக்காமல், 1619இல் அவரைக் குவாலியர் கோட்டையில் அடைத்தவர் இதே ஜஹாங்கீர்தான். பின்னர் விடுவித்துப் பரிசளித்தார் என்பதும் உண்மையே. சிறையும் பரிசும் ஒரே கையிலிருந்து வந்தன என்பதே என் வாதம்.

பிச்சித்ருக்கு இது புரிந்திருக்க வேண்டும். தன்னை இடப்பக்கக் கீழ்மூலையில் நிறுத்திக்கொண்டார். பெயரை அரசரின் கால்மணையில் பொறித்தார். அவர் கலையைப் போற்றுவோம். அரசவை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை வரலாறென்று போற்ற வேண்டாம்.